தூங்குமூஞ்சி மரத்துக்கு மார்க்கர் போட்டவர்

கட்டிங் மாஸ்டர் தனபாலுக்கு இரண்டு குணம். ஒன்று, அடுத்தவர் வீட்டில் ஒரு கஷ்டம் என்று காதில் விழுந்தால் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுவார். இரண்டு, ஓடிப் போன வீட்டின் ஆள் எதிரே வந்து, வாயைத் திறந்து, "வாங்க" என்று சொல்லாவிட்டால் வாசற்படியைத் தாண்ட மாட்டார்.

இந்த இரண்டும் ஒரே ஆளுக்குள் குடியிருந்தால் என்ன பாடு என்று அவர் மனைவி மருதாளைக் கேட்டால் தெரியும். பின்வீதியில் ஒருவர் வீட்டு மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை என்று கேள்விப்பட்டு ஸ்பேனரோடு ஓடினார். வீட்டுக்காரர் குளித்துக்கொண்டிருந்தார். அவர் தலை துவட்டி, திருநீறு பூசி, வெளியே வந்து "வாங்க" சொல்லும்வரை தனபால் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றார். இடையில் அந்த வீட்டு அம்மா ஜன்னல் வழியாக, "மோட்டாரு பின்னாடி இருக்குதுங்க" என்று சொல்லத்தான் செய்தார். அது இடம் சொல்வது, அழைப்பது ஆகாது என்பது தனபாலின் கட்சி.

இதில் அவரை மட்டும் குற்றம் சொல்வதும் நியாயமில்லை. எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் இப்படித்தான். விருந்துக்குப் போன இடத்தில் உப்பில்லாத ரசம் ஊற்றினால் பொறுத்துக்கொள்வார்கள். உட்கார நாற்காலி இல்லாவிட்டாலும் பொறுத்துக்கொள்வார்கள். ஆனால் அந்த வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் ஆளுக்கொரு "வாங்க" சொல்லியாக வேண்டும். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகூடத் தலையைத் தூக்கிச் சொல்லிவிட்டுத்தான் மறுபடி குனிய வேண்டும். ஒருவர் விட்டுப்போனாலும் திரும்பி வரும் வழியெல்லாம், "அந்தப் புள்ளை ஒரு வாங்க சொல்லுலீங்களே" என்பதுதான் பேச்சு. பேருந்தில் ஏறிய பிறகும் அதே பேச்சு.

தனபாலுக்கு இந்த விஷயத்தில் நேர்ந்தது கொஞ்சம் பெரியது. அதைச் செய்தவர் எதிர்வீட்டுச் சுப்பையன்.

இருவரும் மீசை அரும்பாத வயதில் ஒரே பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். சுப்பையன் நிட்டிங் மிஷினுக்குப் போனார், தனபால் கட்டிங் மேசைக்குப் போனார். அவர் நெய்த துணியை இவர் வெட்டினார். ஊத்துக்குளி ரோட்டுப் பக்கம் மனை மலிவாகக் கிடைத்தபோது எதிரெதிரே வாங்கி எதிரெதிரே வீடு கட்டினார்கள். தினமும் காலையில் முக்குப் பேக்கரிக்கு ஒன்றாக நடந்துபோய் ஆளுக்கொரு டீ, ஒரு தேங்காய் பன்னில் பாதிப் பாதி. மச்சான், மாப்ள என்று ஆரம்பித்தால் பேக்கரிக்காரர் பெஞ்சைத் துடைக்கிற துணியோடு வந்து நின்று, எழுந்திருங்கள் என்று சொல்ல முடியாமல் தவிப்பார்.

அப்படியிருந்த சுப்பையன் தன் மகள் ஜனனியின் கல்யாணத்தில் தனபாலை "வாங்க" என்று கேட்கவில்லை.

கேட்கவே இல்லை. தனபால் விடியற்காலையிலேயே வெள்ளைச் சட்டையில் மண்டபத்துக்குப் போய்விட்டார். முன்வாசலில் பன்னீர் தெளிக்கிற பெண்கள்கூட இன்னும் தலை சீவிக்கொண்டிருந்த நேரம். பந்திக்கூடத்து வாசலில் சுப்பையன் நின்றிருந்தார். தனபாலைப் பார்த்தார். பார்த்து, உதட்டை இறுக மூடிக்கொண்டு, தலையை மட்டும் மேலும் கீழும் ஆட்டினார். கண் இரண்டும் சிவந்திருந்தது. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையற்கட்டுப் பக்கம் வேகமாகப் போய்விட்டார்.

தனபால் தாலி கட்டும்வரை இருந்தார். பிறகு கைநனைக்காமல் வீட்டுக்கு வந்து, மருதாள் மண்டபத்திலிருந்து திரும்பும்வரை பசியோடு உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை பேக்கரிக்குத் தனியாகப் போனார். அதன் பிறகு ஆறேழு வருடமாகத் தனியாகத்தான் போகிறார். முழுத் தேங்காய் பன்னை ஒரே ஆள் தின்ன முடியவில்லை, பாதியைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டு வருகிறார். பேக்கரிக்காரர் பாதி பன் விற்பதில்லை.

இரண்டு வீட்டுப் பெண்களும் பேசிக்கொண்டார்கள், குழம்பு மாற்றிக்கொண்டார்கள். சுப்பையனின் மனைவி முத்தாத்தாள் தனபாலைப் பார்த்தால் "தம்பி" என்பார், இவரும் "அக்கா" என்பார். ஆண்கள் இருவரும்தான் வீதியில் எதிரெதிரே வந்தால் ஒருவர் மின்கம்பத்தைப் பார்ப்பார், இன்னொருவர் சாக்கடையைப் பார்ப்பார். தனபாலுக்குத் துக்கம்தான். வெளியே கோபம் என்று சொல்லிக்கொண்டாலும் உள்ளே இருந்தது துக்கம். கட்டிங் ரூமில் நடந்த கூத்தைச் சொல்லிச் சிரிக்க அவருக்கு ஆள் இல்லாமல் போயிற்று. மருதாளிடம் சொன்னால், "சரிங்க, அதுக்கு இப்ப என்னங்க" என்பாள்.

இந்த நிலைமையில்தான் அந்த வைகாசிக் காற்று வந்தது.

பொழுது சாயும் நேரம். வானம் சாயத் தொட்டி மாதிரிக் கறுத்தது. காற்று முதலில் மேற்கேயிருந்து வந்தது, பிறகு எங்கேயிருந்து வருகிறது என்று அதற்கே தெரியாமல் எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. சுப்பையன் வீட்டை ஒட்டிய, பட்டன், ஜிப், எலாஸ்டிக் வியாபாரம் செய்கிற நஜீமுதீன் பாய் வீட்டு மாடியில் இருந்த காலித் தண்ணீர்த் தொட்டி எழுந்து போய் நான்கு வீடு தள்ளி ஒரு மொட்டைமாடியில் இறங்கிக்கொண்டது. யாரோ காயப்போட்ட பனியன் ஒன்று மின்கம்பத்தின் உச்சிக்குப் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றது. கரண்ட் போயிற்று. அப்புறம் ஒரு பெரிய சத்தம் கேட்டது, அதோடு மழை கொட்டத் தொடங்கியது.

சத்தம் போட்டது தனபால் வீட்டு மதிலை ஒட்டி நின்ற தூங்குமூஞ்சி மரம். வீடு கட்டிய வருடம் சுப்பையன் குழி தோண்ட, தனபால் நட்ட மரம் அது. வேரோடு பிடுங்கிக்கொண்டு வீதிக்குக் குறுக்கே விழுந்து, சுப்பையன் வீட்டு மதிலை உடைத்து, வாசலைக் கடந்து, முன்கதவையும் தள்ளித் திறந்துகொண்டு, ஒரு பெரிய கிளையை ஹாலுக்குள் டி.வி. வரைக்கும் நீட்டிப் படுத்துக்கொண்டது. மரம் யாருடைய "வாங்க"வுக்கும் காத்திருக்கவில்லை.

தனபால் குடையை விட்டுவிட்டு ஓடினார். விழுந்த மரத்துக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினார்.

"அக்கா, ஆருக்கும் ஒண்ணும் ஆவுலீங்களே?"

"இல்லீங்க தம்பி. நாங்க அடுப்படில இருந்தோமுங்க. நல்லாத்தான் இருக்கறோம்" என்று முத்தாத்தாளின் குரல் இலைகளுக்குள்ளிருந்து வந்தது.

தனபால் இன்னும் கொஞ்ச நேரம் மழையில் நின்றார். உள்ளேயிருந்து ஒரு ஆண் குரல் இருமியது. சுப்பையனின் இருமல்தான். ஆள் நன்றாக இருக்கிறார் என்று மனசு குளிர்ந்தது. ஆனால் இருமல் "வாங்க" ஆகாதே. வீட்டுக்குத் திரும்பித் தலையைத் துவட்டிக்கொண்டார்.

காலையில் வீதியைப் பார்க்கச் சகிக்கவில்லை. தகரம், கிளை, ஓடு, யாருடையது என்று தெரியாத செருப்பு. தனபால் அலமாரிக்கு மேலிருந்து பெட்ரோல் ரம்பத்தை இறக்கினார். உடுமலைப்பேட்டையில் தோப்பு வைத்திருக்கிற மருதாளின் அண்ணனிடம் இரண்டு நாளில் தருகிறேன் என்று சொல்லி வாங்கி வந்தது. அதற்கப்புறம் இரண்டு தீபாவளி போய்விட்டது. மதிலோரத்துத் தூங்குமூஞ்சியை விட்டால் வீட்டில் அறுக்க ஒரு முருங்கைக் கிளைகூடக் கிடையாது. "எதுக்குங்க இது நமக்கு" என்று மருதாள் கேட்டபோதெல்லாம், "ஒரு நாளைக்கு ஆகும்" என்று சொல்லிச் சொல்லித் துடைத்து வைத்திருந்தார். அந்த நாள் வந்துவிட்டதில் அவருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். அதைப் புயலடித்த மறுநாள் வெளியே காட்டக் கூடாது என்பதால் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு கிளம்பினார்.

முதலில் நஜீமுதீன் வீடு. அங்கே குறையே வைக்கவில்லை. பாய் சொன்னார், பாயின் மனைவி சைதுன்னிசா சொன்னார், மாடியில் தண்ணீர்த் தொட்டியைக் காணாமல் தேடிக்கொண்டிருந்த மகன் ஃபைஸும் மேலேயிருந்து குனிந்து சொன்னான். மூன்று "வாங்க" வாங்கிக்கொண்டு தனபால் பின்கட்டுக்குப் போனார். வாழை அத்தனையும் குலையோடு சாய்ந்து கிடந்தது.

தனபால் ரம்பத்தைக் கீழே வைத்தார். இடுப்பிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்தார், சட்டைப் பையிலிருந்து சாக்பீஸ் எடுத்தார். விழுந்த வாழை மரத்தை நீளவாக்கில் அளந்து, இரண்டடிக்கு ஒரு கோடு போட ஆரம்பித்தார்.

"மாஸ்டர், வாழைக்கு எதுக்குங்க மார்க்கர்?" என்றார் பாய்.

"கோடு இல்லாம நான் இதுவரைக்கும் கத்தி வெச்சதில்லீங்க பாய்."

மார்க்கர் என்பது வேறொன்றுமில்லை. பனியன் துணியை அடுக்கடுக்காக மேசையில் விரித்து, எங்கே கை, எங்கே கழுத்து, எங்கே வெட்ட வேண்டும் என்று மேலே போட்டு வைக்கிற கோடு. கோடு போடுகிறவர் ஒருவர், மிஷினைப் பிடித்து வெட்டுகிறவர் இன்னொருவர். வெட்டுகிறவர் கோட்டை மட்டும் பார்க்க வேண்டும். இது ஏன் இப்படி, இது எங்கே போகிறது என்றெல்லாம் கேட்கக் கூடாது. கேட்டுக்கொண்டு நின்றால் விரல் போகும். தனபால் முப்பது வருடமாகக் கேட்காமல் வெட்டியவர், பத்து விரலும் பத்திரமாக இருக்கிறது.

அதனால் வாழையை அளந்து வெட்டினார். முன்வீட்டு முருங்கையை அளந்து வெட்டினார். முருங்கை மரம் தொட்டாலே ஒடிகிற சாதி, கோடு போடுவதற்குள் தானாகவே இரண்டு இடத்தில் ஒடிந்தது. ஒடிந்த இடம் கோட்டில் இல்லையே என்று அதற்கும் முகம் சுளித்தார். குலையிலிருந்த பச்சை வாழைக்காயை எல்லாம் சைதுன்னிசா ஒரு பெரிய பாத்திரத்தில் சேர்த்து உள்ளே கொண்டுபோனார்.

பிறகு தூங்குமூஞ்சி மரத்துக்கு வந்தார். வேரிலிருந்து ஆரம்பித்து, இரண்டடிக்கு ஒரு கோடு. வீதியில் கிடந்த பகுதி முழுக்க அறுத்தார். வீதி ஆட்கள் துண்டுகளை உருட்டிக்கொண்டு போய் ஓரமாக அடுக்கினார்கள். சுப்பையன் வீட்டு மதில் வந்தது. மதில் உடைந்து கிடந்ததே தவிர, மதில் இருந்த இடம் தனபாலுக்கு மறக்கவில்லை. மரத்தின் மேல் அந்த இடத்துக்கு நேராக ஒரு கோடு போட்டு, அதோடு அறுத்து நிறுத்தினார். வீதி படு சுத்தம். மதிலுக்கு அந்தப் பக்கம் மரம் அப்படியே கிடந்தது.

"மாஸ்டர், பாதியில விட்டுட்டீங்களே" என்றார் நஜீமுதீன்.

"அங்கிட்டு அவுங்க எடமுங்க பாய். கூப்பிடாம எப்படிங்க போறது?"

பாய்க்கு ஆறேழு வருடக் கதை தெரியும். தன் பின்கட்டுக்குப் போய், சுப்பையன் வீட்டுப் பொடக்காளியில், அதாவது கொல்லைப்புறத்து மதிலில், ஏணியைச் சாத்தி ஏறினார். முன்கதவில் மரம் புகுந்துவிட்டதால் அந்த வீட்டுக்கு இப்போதைக்கு அதுதான் வாசல். ஏணியில் நின்றபடியே பேசிவிட்டு இறங்கி வந்தார்.

"அவரு மரத்தை வெட்ட வேண்டாங்கலீங்க. நீங்க வந்தா கூப்பிடறாராமுங்க."

"கூப்பிட்டா வர்றேன்னு சொல்லுங்க."

பாய் மறுபடி ஏணி ஏறினார். இறங்கினார்.

"மொதல்ல வாசப்படிக்கு வரட்டும், மதிலுக்கு அங்கிட்டு நிக்கற ஆள எப்படிக் கூப்பிடறதுங்கறாருங்க."

"வாசப்படி மதிலுக்கு உள்ள இருக்குதுங்களே பாய்."

மூன்றாம் முறை ஏறப் போனவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏணியின் கீழ்ப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஏறி இறங்குவதற்குப் பதில், காணாமல் போன தண்ணீர்த் தொட்டியைத் தூக்கி வந்து மாடியில் வைத்துவிடலாம் என்றார்.

அதற்குள் ஒரு செய்தி வந்தது. மாநகராட்சி ஆட்கள் பெரிய ரோட்டு மரங்களை முடித்துவிட்டு மறுநாள் காலை இந்த வீதிக்கு வருகிறார்களாம். எல்லோருக்கும் நிம்மதி. தனபாலுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. அவர்கள் வந்து அறுத்துப் போட்டால் வாசல் வழி திறந்துவிடும், மதிலைக் கட்டிவிடுவார்கள். அதற்கப்புறம் அந்த வீட்டுப் படியேற இந்த ஜென்மத்தில் ஒரு காரணம் கிடைக்காது. தானே நட்ட மரம் தானே விழுந்து வழி காட்டியும் போக முடியவில்லையே என்று இருந்தது. ரம்பத்தை மதிலோரம் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

தனபால் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நடந்தது என்னவென்றால், மூன்று பெண்கள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். மருதாள் வழக்கத்துக்கு மாறாக, "இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்திக்குங்க, இன்னுங் கொஞ்சம் மோர் ஊத்திக்குங்க" என்று கணவரை எழவிடாமல் பார்த்துக்கொண்டாள். சைதுன்னிசா கணவரின் குடோனிலிருந்து ஒரு டப்பா சாக்பீஸ் எடுத்து வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். முத்தாத்தாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மதில் ஏறி இறங்கி, வீதி சுற்றி, தன் வீட்டு முன்புறம் வந்தார். தனபால் நிறுத்திய கோட்டிலிருந்து ஆரம்பித்து அடுத்த கோடு, அடுத்த கோடு என்று வாசல் முழுக்க மரத்தின் மேல் போட்டுக்கொண்டே போனார். பிறகு வந்த வழியே வீட்டுக்குள் திரும்பி, ஹாலுக்குள் நீண்டிருந்த கிளைக்கும் போட்டார். கையில் டேப் இல்லாததால் ஒன்று ஒன்றரை அடியாகவும் ஒன்று மூன்றடியாகவும் இருந்தது. கிளை முடிந்த இடத்தில் சாக்பீஸ் மிச்சமிருந்தது. அதையும் வீணாக்காமல் தரையில் கடைசியாக ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் சுப்பையன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "என்ன பண்ற" என்றார். "ஈரத்துல எறும்பு வருதுங்க" என்றார் முத்தாத்தாள்.

தனபால் ஏப்பத்தோடு திரும்பி வந்தார். மதிலோரம் நின்றார். கோடு உள்ளே போயிருந்தது.

ஒரு கணம் யோசித்தார். காலையில் மளமளவென்று போட்டுக்கொண்டு வந்ததில் நாமே உள்ளேயும் போட்டுவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்தாரா, அப்படி நினைத்துக்கொள்ள ஆசைப்பட்டாரா என்பது இன்றுவரை அவருக்கே தெளிவில்லை. கோடு என்று ஒன்று இருந்தால் வெட்ட வேண்டும். அவர் ரம்பத்தின் கயிற்றை இழுத்தார்.

அப்புறம் அவருக்கு உலகம் தெரியவில்லை. ரம்பத்தின் சத்தத்தில் காது அடைத்தது, மரத்தூள் கண்ணை மறைத்தது. தலை குனிந்தது குனிந்தபடி, ஒரு கோடு, அறுப்பு, அடுத்த கோடு, அறுப்பு. "என்ன அளவு இது, கோணக் கோணையா" என்று வாய்க்குள் திட்டிக்கொண்டாரே தவிர, நிமிர்ந்து பார்க்கவில்லை. அறுத்து விழுந்த துண்டுகளைப் பின்னாலேயே மருதாளும் வீதி ஆட்களும் ஓசைப்படாமல் இழுத்துக்கொண்டு போனார்கள். வாசல் முடிந்தது. படி வந்தது. கிளையோடு கிளையாகப் படியேறினார். கதவு வந்தது. கதவைத் தாண்டினார். காலுக்கடியில் மண்ணுக்குப் பதில் டைல்ஸ் வழுவழுத்ததைக்கூட அவர் ஆராயவில்லை.

கடைசித் துண்டும் அறுந்து விழுந்தது. அடுத்த கோட்டைத் தேடினார். அது தரையில் இருந்தது. தரையை எப்படி அறுப்பது என்று ரம்பத்தை அணைத்தார்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு கால் தெரிந்தது. கால்மேல் வேட்டி. வேட்டிமேல் பேப்பர். பேப்பர் மெதுவாகக் கீழே இறங்கியது.

தனபால் சுற்றும் முற்றும் பார்த்தார். ஜனனியின் கல்யாணப் படம் சுவரில் சாய்ந்து தொங்கியது. முத்தாத்தாள் அடுக்களை வாசலில் இரண்டு கையிலும் சாக்பீஸ் தூளோடு நின்றிருந்தார். தனபாலுக்கு விஷயம் புரிந்தது. அழைக்காத வீட்டுக்குள், அதுவும் ரம்பத்தோடு வந்து நிற்கிறார். உட்காரவும் முடியாது, திரும்பிப் போகவும் கால் வரவில்லை.

சுப்பையன் வாயைத் திறந்தார். மூடினார். ஆறேழு வருடத்துக்குப் பிறகு அவர் தனபாலிடம் பேசிய முதல் வார்த்தை இது:

"அன்னிக்கு வாய்க்குள்ள போண்டா இருந்துச்சுங்க மாப்ள."

தனபால் விழித்தார்.

"சமையக்காரன், 'அண்ணா உப்புப் பாருங்க'ன்னு குடுத்தானுங்க. சட்டியிலிருந்து எடுத்த உருளைக்கிழங்குப் போண்டா. முழுசா வாயில போட்டுட்டேன். போட்ட நிமிசம் நீங்க வாசல்ல நிக்கறீங்க. மெல்லறதா, துப்பறதா? பொண்ணுக் கல்யாணத்துல பந்தி வாசல்ல துப்பினா நல்லாவா இருக்கும்? ஒறம்பரை சனம் வர்றதுக்கு முன்னாடி பொண்ணப் பெத்தவன் தின்னுட்டு நிக்கறான்னு சொல்ல மாட்டாங்களா? அதான் வாய மூடிட்டுத் தலைய ஆட்டினேன். கண்ணுல தண்ணி கொட்டுது. சமையக்கட்டுல போயி மோர ஊத்தி முழுங்கிட்டு ஓடி வந்து பாத்தா, நீங்க முன்வரிசையில மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு உக்காந்திருந்தீங்க."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமுங்களே" என்றார் தனபால்.

"நாக்கு வெந்து மூணு நாளு பேச முடியலீங்க. பேச வந்தப்ப நீங்க தனியா டீ குடிக்கப் போயிட்டீங்க. அப்புறம் போண்டான்னு எப்படிங்க வந்து சொல்றது? வெக்கமா இருந்துச்சு."

"இதுக்குத்தானுங்களா?" என்றார் முத்தாத்தாள். "எங்கிட்டக்கூடச் சொல்லலீங்களே. நான் என்னமோ ஏதோன்னு இத்தன வருசமாச் சாமிக்கு வேண்டிட்டிருக்கறேன்."

தனபாலுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் போலிருந்தது. ஒரு போண்டாவுக்காக எத்தனை பாதி பன்னைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்.

சுப்பையன் எழுந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார். தொண்டையைக் கனைத்து, வாயை நன்றாகத் திறந்து, "வா" என்று ஆரம்பித்தார்.

"இருங்க மச்சா" என்று தனபால் கையைக் காட்டினார். "உள்ள வந்தவனுக்குச் சொல்றதுல என்னங்க இருக்குது. முறையாச் சொல்லுங்க."

ரம்பத்தைத் தரைக்கோட்டிலேயே வைத்துவிட்டு வெளியே நடந்தார். படி இறங்கினார், வாசலைக் கடந்தார், மதில் இருந்த இடத்தைத் தாண்டி வீதிக்கே போய்விட்டார். சட்டையில் இருந்த மரத்தூளைத் தட்டினார். தலையைக் கையால் ஒதுக்கினார். பிறகு விருந்துக்கு வருகிற ஆளைப் போல நிதானமாக நடந்து வந்தார். சுப்பையன் படிக்கட்டில் கைகூப்பி நின்றார்.

"வாங்க மாப்ள, வாங்க, வாங்க."

ஒன்றுக்கு மூன்றாகச் சொன்னார். பழைய பாக்கியும் சேர்த்து என்று மருதாள் முணுமுணுத்தாள். முத்தாத்தாளும் ஒன்று சொன்னார். ஏணியை முன்பக்கத்துக்குக் கொண்டுவந்து, அதன் மேல் ஏறி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நஜீமுதீன் பாய் அது தன் வீடு இல்லை என்பதை மறந்து, "வாங்க மாஸ்டர்" என்று அவர் பங்குக்கும் ஒன்று சொல்லி வைத்தார்.

பிறகு சுப்பையன் ஒரு முனையைப் பிடிக்க, தனபால் இன்னொரு முனையைப் பிடிக்க, ஹாலில் கிடந்த கடைசித் துண்டுகளைத் தூக்கிப்போய் வீதியில் அடுக்கினார்கள். துண்டுகள் ஒன்று நெட்டையும் ஒன்று குட்டையுமாக இருந்ததைப் பற்றித் தனபால் போகும்போதும் வரும்போதும் குறை சொன்னார். முத்தாத்தாள் காதில் வாங்கவில்லை.

பொழுது சாய்ந்தபோது வீதி பழையபடி வீதி மாதிரி ஆனது. கரண்ட் வரவில்லை. சைதுன்னிசா விழுந்த வாழையின் காய் அத்தனையையும் சீவிப் பஜ்ஜி போட்டு, வீட்டுக்கு ஒரு தட்டு அனுப்பிக்கொண்டிருந்தார். எண்ணெயிலிருந்து எடுத்த சூடு ஆறாமல் தனபால் வீட்டுக்கும் ஒரு தட்டு வந்தது. நாள் முழுக்க உழைத்த பசி. தனபால் வாசலில் நின்றபடி ஒரு பஜ்ஜியை எடுத்து, பாதியாகக்கூடக் கடிக்காமல், முழுசாக வாயில் போட்டார்.

அதே நேரம் எதிர்வீட்டில் கதவு திறந்தது. சுப்பையன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கையில் ஒரு பை, அதில் ஜனனி வீட்டிலிருந்து வந்த மாம்பழம் நான்கு. அத்தனை வருடமாகக் கடக்காத வீதியை நாலே எட்டில் கடந்து தனபால் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார்.

தனபால் பார்த்தார். உதட்டை இறுக மூடிக்கொண்டார். பஜ்ஜிக்குள் இருந்த வாழைக்காய் நெருப்பாக இருந்தது. மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கண் இரண்டும் சிவந்து தண்ணீர் கொட்டியது. வேறு வழி தெரியாமல் தலையை மேலும் கீழும் ஆட்டினார்.

சுப்பையன் வாசற்படிக்கு வெளியே அசையாமல் நின்று அவர் முகத்தையே பார்த்தார். பிறகு மாம்பழப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, மதிலோரம் அடுக்கியிருந்த தூங்குமூஞ்சித் துண்டு ஒன்றின் மேல் சாவகாசமாக உட்கார்ந்தார்.

"அவசரமில்லீங்க மாப்ள" என்றார். "முழுங்கிட்டே சொல்லுங்க. நான் இங்கயேதான் இருக்கறேன்."